மணல் வளவில் சூரியகாந்தி: பசளையைச் சிறுகச் சிறுக இடுவோம்

வீட்டுத்தோட்டப் பாடம்

அக்கரைப்பற்றுக்கு மேற்கே வயல், கிழக்கே கடல். இரண்டுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்திலேதான் எமது குடியிருப்புகளிற் பல அமைந்துள்ளன. 1990இல் வன்செயல்களால் ஊரைவிட்டு வந்தவர்களும், 2004 டிசம்பர் 26இல் சுனாமியால் வீட்டையும் வளவையும் இழந்தவர்களும், தமது வயற்காணிக்குத் திரும்பிச் செல்ல வழியில்லாதவர்களும் இப்பகுதியின் சிறிய மணல் வளவுகளில் வாழ்க்கையை மீண்டும் தொடங்கினார்கள். இவர்களிற் பலர் தலைமுறை தலைமுறையாக வேளாண்மை செய்தவர்கள். வட்டையின் களிமண்ணும் வாய்க்கால் நீரும் அவர்களுக்குப் பழக்கமானவை. மணல் அவர்களுக்குப் புதிது.

வீட்டுத்தோட்ட வகுப்பு ஒன்றில் வயதான விவசாயி ஒருவர் எம்மிடம் இப்படிக் கேட்டார்: "தம்பி, வட்டையில ஏக்கருக்கு எவ்வளவு யூரியா எறியணும் எண்டு எனக்குத் தெரியும். இந்த மணலுக்கு எவ்வளவு போட்டாலும் விழுங்கிப்போட்டுச் சும்மா கிடக்கு. என்ன செய்யிற?"

அவருடைய கேள்விக்கான பதிலே இந்தப் பாடம். சூரியகாந்திச் செடியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மணல் நிலத்திலே பசளையை ஒரே தடவையில் இடாமல் சிறுகச் சிறுக, செடி கேட்கும் காலம் பார்த்து இடவேண்டும் என்பதே இதில் நாம் கற்க வேண்டிய முக்கிய விடயம். இதனால் இரண்டு நன்மைகள் உண்டு. பசளைக்குச் செலவிடும் காசு வீணாகாது. வளவிலுள்ள கிணற்று நீரும் பழுதாகாது.

மணல் ஏன் பசளையை வைத்திருப்பதில்லை?

இதை நீங்களே செய்து பார்க்கலாம். வெறும் தண்ணீர்ப் போத்தல்கள் மூன்றை எடுத்து அடிப்பாகத்தை வெட்டி, தலைகீழாக நிறுத்துங்கள். வாயிலே சிறு துணித்துண்டு ஒன்றைக் கட்டுங்கள். முதலாவது போத்தலில் வயல் மண்ணையும், இரண்டாவதில் வளவு மணலையும், மூன்றாவதில் மணலும் மக்கிய கூட்டெருவும் சமமாகக் கலந்ததையும் முக்கால்வாசிக்கு நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றுங்கள்.

மணற் போத்தலில் ஊற்றிய தண்ணீர் உடனே கீழே இறங்கிவிடும். வயல் மண்ணில் மெதுவாகவே கசியும். கூட்டெரு கலந்த மணலில் தண்ணீரின் ஒரு பகுதி தங்கிவிடும். தண்ணீரில் கரைந்து போகும் பசளைக்கும் இதுவே நடக்கிறது.

களிமண்ணின் துணிக்கைகள் மிகச் சிறியவை. அவை பசளைச் சத்தைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும் தன்மை உடையவை. மணலின் துணிக்கைகள் பெரியவை. அவற்றால் அப்படிப் பிடித்து வைத்திருக்க முடியாது. நாம் இடும் யூரியா மண்ணில் முதலில் அமோனியமாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாறுகிறது. நைத்திரேற்று தண்ணீரில் முழுமையாகக் கரையும். ஒரு பெருமழை பெய்தால், அல்லது நாம் வாளி வாளியாக ஊற்றினால், அது வேருக்குக் கீழே இறங்கிக் கிணற்று நீருடன் கலக்கும். அந்த முதியவர் சொன்னபடி மணல் யூரியாவை விழுங்கியது உண்மை. விழுங்கியது செடிக்குப் போகவில்லை.

ஏன் சூரியகாந்தி?

சூரியகாந்தி வட அமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்டது. அங்கே வாழ்ந்த ஆதிக்குடிகள் 4000 ஆண்டுகளுக்கு முன்னரே அதைப் பயிரிட்டார்கள். இன்று உலகில் எண்ணெய்க்காக அதிகம் பயிரிடப்படுவது ரஷ்யாவிலும் உக்ரைனிலுமாகும்.

ஒரு வீட்டுப் பாத்தியில் விளையும் விதையைக்கொண்டு எண்ணெய் ஆட்டலாம் என்று நாம் சொல்லமாட்டோம். பத்தடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள பாத்தியில் 20 செடிகள் வளரும். அதிலிருந்து அரைக் கிலோ அளவு விதை எதிர்பார்க்கலாம். பராமரிப்பு நன்றாக இருந்தால் சற்றுக் கூடலாம். அதை வறுத்துச் சாப்பிடலாம், கோழிக்குக் கொடுக்கலாம். பூவை நாடி வரும் தேனீக்கள் பக்கத்திலுள்ள பூசணி, பாகல், பீர்க்கங் கொடிகளுக்கும் பயன்படும்.

நாம் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. முதலாவது, இதன் ஆணிவேர் ஆழமாகச் செல்லும். தடையில்லாத மண்ணில் ஆறடிக்கும் கீழே போகும். மற்றப் பயிர்களின் வேருக்கு எட்டாமல் கீழே இறங்கிய சத்தை இது உறிஞ்சி மேலே கொண்டுவரும். இரண்டாவது, இது அதிகமாகச் சாப்பிடும் செடி. சத்துக் குறைந்தால் அதன் அகன்ற இலைகளிலே உடனே தெரியும். சூரியகாந்தியின் இலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மிளகாய், கத்தரி, சோளம் ஆகியவற்றின் பசியை அறிவதும் எளிதாகும்.

முதலில் கிணற்றைப் பாருங்கள்

எமது வளவுகள் சிறியவை. குடிக்கும் கிணறும் மலசலகூடக் குழியும் தோட்டமும் சில அடி தூரத்திலேயே இருக்கின்றன. கரையோர மணலில் நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லை. ஆகவே பசளையைப் பற்றிப் பேசும்போது கிணற்றைப் பற்றியும் பேசவேண்டும்.

கற்பிட்டித் தீபகற்பத்தின் மணல் நிலத்திலும், யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் தொடர்ந்து அதிக பசளையிட்டுப் பயிர் செய்யப்பட்ட இடங்களில், பல கிணறுகளின் நீரில் நைத்திரேற்று அளவுக்கு மீறி இருப்பது ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதைவிடக் கூடினால், புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கே பெரிய ஆபத்து. குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

தாய்மார் ஒன்றை முக்கியமாக அறிந்திருக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், நைத்திரேற்று அழியாது. நீர் ஆவியாகி வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். கிணற்று நீரில் சந்தேகம் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

எனவே பாத்தியை வளவு இடந்தருமளவுக்குக் கிணற்றிலிருந்து தள்ளி அமையுங்கள். எருக்குழியையும் அவ்வாறே தள்ளி வையுங்கள். யூரியா உரப்பையைக் கிணற்றுக் கட்டில் வைக்கவோ, பசளை அள்ளிய பாத்திரத்தை அங்கே கழுவவோ வேண்டாம்.

பாத்தி தயாரித்தல்

எமது கரையில் ஐப்பசி முதல் மார்கழி வரை பெருமழை. அக்காலத்தில் மணலில் பசளையிட்டால் பெரும்பகுதி கழுவிப்போகும். தை மாதத்தில் பெருமழை ஓய்ந்த பின்னர் விதைப்பது நல்லது. அப்போது மண்ணில் ஈரம் இருக்கும். பெரும்பாலான இனங்கள் 90 முதல் 110 நாட்களில் முற்றும். ஆகவே கச்சான் காற்று கடுமையாக வீசத் தொடங்குமுன் அறுவடை செய்துவிடலாம்.

விதைப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே பின்வரும் வேலைகளைச் செய்யுங்கள்.

1. பத்தடி நீளம், மூன்றடி அகலத்தில் மணலை ஒன்றரையடி ஆழத்துக்கு வெட்டி ஒதுக்குங்கள்.

2. அடியில் பொச்சுமட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி நெருக்கமாக அடுக்குங்கள். இவை நீரைப் பிடித்து வைத்திருக்கும். சிறிது பொற்றாசியத்தையும் கொடுக்கும்.

3. வெட்டிய மணலில் பாதியைத் திரும்பப் போட்டு, அதன்மேல் நறுக்கிய கிளிரிசீடியா இலையும் இளந்தண்டுமாக 2 கிலோ பரப்புங்கள்.

4. மீதி மணலுடன் நன்கு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு இரண்டு வாளி (ஒவ்வொன்றும் 10 லீற்றர்) கலந்து மூடுங்கள்.

5. பாத்தியின் மட்டம் நிலமட்டத்துக்குச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். மணலில் மேட்டுப்பாத்தி விரைவில் காய்ந்துவிடும்.

மாட்டெரு பச்சையாக இருக்கக்கூடாது. பச்சைச் சாணம் வேரைச் சுடும். களை விதைகளையும் கொண்டுவரும். கோழியெரு மாட்டெருவைவிடச் சூடானது. அதை மூன்று மாதமாவது மக்கவைத்து, அரை வாளிக்கு மேற்படாமல் இடுங்கள். மக்காத வைக்கோலையும் மரத்தூளையும் மண்ணுக்குள்ளே கலக்க வேண்டாம். அவை மக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை நுண்ணங்கிகள் தமக்கே எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். வைக்கோலை மேலே மூடுபடையாகப் பரப்புவதே சரி.

மீன் கழிவு கிடைக்கும் குடும்பங்கள் அதைப் பாத்தியின் நடுவே ஒன்றரையடி ஆழத்தில் புதைக்கலாம். மேலோட்டமாகப் புதைத்தால் நாய் கிளறும். கருவாடு போட்ட உப்புக் கழிவைத் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

எவ்வளவு, எப்போது?

முளைத்து வந்த முதல் மூன்று கிழமையும் சூரியகாந்தி சிறிதளவே சாப்பிடும். அதன் வேரும் அப்போது மேலேதான் இருக்கும். முப்பதாம் நாளிலிருந்து பூ விரியும் வரையுமே அதன் பசி உச்சத்தில் இருக்கும். பூ விரிந்தபின் செடி தனது தண்டிலும் இலையிலும் சேர்த்து வைத்ததை விதைக்கு அனுப்பும். இந்த ஒழுங்கைப் பின்பற்றியே நாமும் கொடுக்க வேண்டும்.

கீழே தரப்படும் அளவுகள் 10 அடிக்கு 3 அடி பாத்தி ஒன்றுக்கு உரியவை. கரண்டியைத் தட்டையாக வழித்து அளக்க வேண்டும், குவித்து அள்ளக்கூடாது.

விதைக்கும் நாள்: ரி.எஸ்.பி. 2 மேசைக்கரண்டி, எம்.ஓ.பி. 1 மேசைக்கரண்டி. இவற்றை மேல்மண்ணுடன் கலந்துவிட்டு, இரண்டு அடி இடைவெளியில் இரண்டு வரிசைகள் அமைத்து, ஒரு அடிக்கு ஒரு குழியாக, குழிக்கு இரண்டு விதை இடுங்கள். ஒரு அங்குல ஆழம் போதும். இன்று யூரியா வேண்டாம். விதைக்கு அருகில் யூரியா இருந்தால் முளை கருகும்.

முளைத்து இரண்டு கிழமையில்: குழிக்கு ஒரு நல்ல செடியை விட்டு மற்றதை அகற்றுங்கள். பாத்தி முழுவதற்கும் யூரியா 1 மேசைக்கரண்டி.

முப்பதாம் நாள்: களை பிடுங்கி, யூரியா 1 மேசைக்கரண்டியும் எம்.ஓ.பி. 1 மேசைக்கரண்டியும் இட்டு, செடியின் அடிக்கு மண் அணையுங்கள்.

மொட்டுத் தெரியும்போது (45 முதல் 50 நாள்): யூரியா 1 மேசைக்கரண்டி.

அதன்பின்: யூரியா வேண்டாம்.

ஒரு மேசைக்கரண்டி யூரியாவை 20 செடிக்குப் பங்கிடுவது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். அதை ஒரு பேணி காய்ந்த மணலுடன் கலந்துகொள்ளுங்கள். வரிசையின் பக்கத்தில், தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, விரலாற் சிறு கோடு இழுத்து, அதனுள்ளே தூவி மூடுங்கள். பின்னர் பூவாளியால் அளவாகத் தண்ணீர் விடுங்கள். மூடாமல் விட்டால் வெயிலில் யூரியாவின் ஒரு பகுதி அமோனியா வாயுவாகப் போய்விடும். மழை கறுத்திருக்கும் நாளில் இடவே வேண்டாம்.

இந்த அளவு சிலருக்குக் குறைவாகத் தோன்றும். எமது செய்கைக் காட்டலில் ஒரு பாத்திக்கு மூன்று தடவைக்குரிய யூரியாவையும் ஒரே நாளில் இட்டோம். இரண்டாம் நாள் மழை பெய்தது. மூன்று கிழமைக்குள் கீழ் இலைகள் வெளிறிவிட்டன. மற்றொரு பாத்திக்கு இரண்டு மடங்கு யூரியாவைத் தவணை முறையில் இட்டோம். செடிகள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து கரும்பச்சையாக நின்றன. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் பூக்கப் பிந்தியது, தண்டு மென்மையாக இருந்தது, ஒரு காற்றில் பாதி சாய்ந்துவிட்டது. இரண்டு தவறும் எம்முடையவை. அவற்றிலிருந்தே மேற்சொன்ன ஒழுங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டோம்.

யூரியா கிடைக்காதபோது

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. ஆனால் அதன்பின் பசளையின் விலை பல மடங்காகி, 2022இல் சிறு விவசாயிகளால் அதை நெருங்க முடியாத நிலை ஏற்பட்டது. சேதனப் பசளையைப் போதியளவு தயாரித்து வைக்காமல் திடீரென மாறியதால் நாட்டின் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. இந்த அனுபவம் எமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. கடைப் பசளையை மாத்திரம் நம்பியிருப்பது ஆபத்து. சேதனப் பசளையும் ஒரு நாளில் உண்டாவதில்லை. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும்.

நல்ல செய்தி என்னவென்றால், ஒரு வீட்டுப் பாத்திக்குத் தேவையானது சிறிய அளவே. 2 கிலோ பச்சைக் கிளிரிசீடியா இலையிலுள்ள நைதரசன், ஏறக்குறைய 3 மேசைக்கரண்டி யூரியாவிலுள்ள நைதரசனுக்குச் சமம். ஆனால் இலை மெதுவாகவே மக்கிச் சத்தைத் தரும். முழுவதும் ஒரே போகத்தில் கிடைக்காது. ஆகவே யூரியா இல்லாதவர்கள் பின்வருமாறு செய்யலாம்.

அடியில் இடும் கிளிரிசீடியாவை 3 கிலோவாகவும், கூட்டெருவை மூன்று வாளியாகவும் கூட்டுங்கள். முப்பதாம் நாளிலும் மொட்டு வரும்போதும் மேலும் ஒரு கிலோ இலையை நறுக்கி வரிசைக்கிடையில் போட்டு மண்ணால் மூடுங்கள். எம்.ஓ.பி.க்குப் பதிலாக அடுப்புச் சாம்பல் நான்கு கைப்பிடி இடலாம். சிப்பி ஓடு கலந்த கடற்கரை மணலில் இரண்டு கைப்பிடி போதும். அந்த மணல் ஏற்கெனவே காரத்தன்மை கொண்டது. பிளாஸ்டிக், பொலித்தீன் எரித்த சாம்பல் கூடாது. சாம்பலை யூரியாவுடனோ கோழியெருவுடனோ ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம்; நைதரசன் வாயுவாகப் போய்விடும்.

இலைக்கரைசலும் தயாரிக்கலாம். ஒரு வாளி நிறையக் கிளிரிசீடியா இலையையும் இரண்டு கைப்பிடி சாணத்தையும் தண்ணீரில் இரண்டு கிழமை ஊறவிட்டு வடிகட்டுங்கள். ஒரு பங்கு கரைசலுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்துக் கிழமைக்கு ஒரு தடவை செடியின் அடியில் ஊற்றுங்கள். வாளியை நெருக்கமான துணியால் இறுகக் கட்டி மூட மறக்க வேண்டாம். டெங்கு நுளம்பு பெருக இடம் கொடுக்கக்கூடாது.

யூரியாவும் கூட்டெருவும் இரண்டும் உள்ளவர்கள், இரண்டு மூன்று போகம் தொடர்ந்து எருவிட்ட பாத்திக்கு யூரியாவை ஒவ்வொரு தடவையும் அரை மேசைக்கரண்டியாகக் குறைத்துப் பாருங்கள். இலை பச்சையாக இருந்தால் அதுவே போதும்.

இலையைப் பார்த்து அறிதல்

செடி பேசாது, இலை காட்டும். முதலில் பார்க்க வேண்டியது, குறை கீழ் இலையில் தெரிகிறதா, மேல் இலையில் தெரிகிறதா என்பது.

நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகியவை செடிக்குள்ளே நகரக்கூடியவை. அவை குறைந்தால் செடி தனது முதிர்ந்த இலையிலிருந்து எடுத்து இளம் இலைக்குக் கொடுக்கும். ஆகவே குறை கீழேதான் முதலில் தெரியும்.

கீழ் இலை முழுவதும் வெளிறி மஞ்சளானால்: நைதரசன் குறைவு. அடுத்த தவணையை ஒரு கிழமை முன்னதாகக் கொடுங்கள்.

செடி வளராமல் குறுகி, இலை கரும்பச்சையாக நின்றால்: பொசுபரசு குறைவு. வளர்ந்த செடிக்குப் பின்னர் இடுவதால் பெரிய பயனில்லை. அடுத்த போகத்தில் விதைக்குமுன் இடுங்கள்.

கீழ் இலையின் ஓரம் மஞ்சளாகிக் கருகினால்: பொற்றாசியம் குறைவு.

போரன் அப்படி நகராது. ஆகவே அதன் குறைவு இளம் இலையிலும் பூவிலுமே தெரியும். மேல் இலை தடித்து, சுருங்கி, தொட்டால் உடையும். பூத்தட்டு கோணலாக வளரும். சில வேளை பூவின் கழுத்து வெடித்து முறியும்.

போரனும் பதர் விதையும்

போரன் குறைவை மற்றப் பல பயிர்களைவிடச் சூரியகாந்தி கூடுதலாக உணரும். மணலில் போரனும் நீரோடு கழுவிப்போகும். கூட்டெரு ஒழுங்காக இடும் பாத்தியில் இக்குறை குறைவாகவே வரும். அறிகுறி தெரிந்தால், போராக்ஸ் (வெண்காரம்) 2 கிராமை, அதாவது தட்டையாக அரைத் தேக்கரண்டியை, சிறிது சுடுநீரில் கரைத்து, ஒரு லீற்றர் தண்ணீராக்கி, ஓரத்து மஞ்சள் இதழ்கள் விரியத் தொடங்கும்போது பூத்தட்டின் மேல் ஒரு தடவை தெளியுங்கள். இந்தியாவிலும் சூரியகாந்திக்கு இம்முறையே பரிந்துரைக்கப்படுகிறது. அளவைக் கூட்ட வேண்டாம். போரன் சற்றுக் கூடினாலும் செடிக்கு நஞ்சாகும். பொட்டலத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

பூத்தட்டின் நடுவே விதை பதராக இருந்தால் உடனே பசளையைக் குற்றஞ்சாட்ட வேண்டாம். தேனீ வராததாலும், விதை பிடிக்கும் காலத்தில் தண்ணீர் குறைந்ததாலும் பதர் வரும். காலை 9 மணி முதல் 11 மணிக்குள், மெல்லிய துணியால் ஒரு பூவை மெதுவாகத் தடவி, அதே துணியால் அடுத்த பூவையும் தடவுங்கள். ஒன்றுவிட்ட ஒரு நாளாக இதைச் செய்தால் மகரந்தம் பரவும். சிறுபிள்ளைகள் விருப்பத்துடன் செய்யும் வேலை இது.

தண்ணீரைப் பொறுத்தவரை, ஒரேயடியாக நிறைய ஊற்றினால் அது பசளையையும் கொண்டு கீழே போகும். காலையும் மாலையும் அளவாக விடுவதே மணலுக்கு ஏற்றது. விதை முற்றும்வரை நிறுத்த வேண்டாம்.

எடுத்ததைத் திரும்பக் கொடுத்தல்

பூத்தட்டின் பின்புறம் மஞ்சளாகிப் பழுப்பு நிறத்துக்கு மாறும்போது வெட்டிக் காயவைத்து விதையை அடித்தெடுங்கள். தண்டை எறிய வேண்டாம். செடி உறிஞ்சிய பொற்றாசியத்தின் பெரும்பகுதி தண்டிலேயே இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவின் வட கொக்கேசியப் பகுதியில், சூரியகாந்தித் தண்டின் சாம்பலிலிருந்தே பொட்டாஷ் உப்பைத் தயாரித்து விற்றார்கள். நாம் கடையில் காசு கொடுத்து வாங்கும் சத்து அது. தண்டைச் சிறு துண்டுகளாக வெட்டி எருக்குழியில் போடுங்கள். நோய் கண்ட தண்டை மட்டும் எரித்துச் சாம்பலைப் பாவியுங்கள். எருக்குழிக்குக் கிடுகு கட்டி மழையிலிருந்து காப்பாற்றுங்கள். மூடாத குழியின் சத்தும் கரைந்து கிணற்றுக்கே போகும்.

இந்த வளவு எமக்கு நிலைக்குமா?

வகுப்புகளில் இந்தக் கேள்வி எப்போதும் வருகிறது. ஒரு தாய் எம்மிடம் சொன்னார்: "நாங்க இந்த மண்ணுக்கு எருப் போட்டுப் போட்டு நல்லாக்குவம். பிறகு எழும்பிப் போங்க எண்டா எங்கட பாடு என்ன?" காணிக்கு உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பத்தின் நியாயமான கவலை இது. இக்கவலையினாலேயே பலர் எருக்குழி வெட்டாமல் யூரியாவை மாத்திரம் வீசிவிட்டுப் போகிறார்கள்.

இதற்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. ஒரு பாத்திக்கு இடும் கூட்டெருவின் பயனில் ஒரு பகுதி அந்தப் போகத்திலேயே திரும்பி வருகிறது. முழு வளவையும் திருத்த வேண்டியதில்லை. ஒரு பாத்தியை மட்டும் திருத்துங்கள். அதுவும் முடியாதவர்கள் பழைய அரிசிப் பைகளிலோ பசளைப் பைகளிலோ பாதி மணலும் பாதி கூட்டெருவும் நிரப்பி, பைக்கு ஒரு செடி வைக்கலாம். பசளைப் பையை முதலில் நன்கு கழுவி, அடியில் நான்கைந்து துளையிடுங்கள். கழுவும் நீரைக் கிணற்றுக்குத் தூரமாக ஊற்றுங்கள். பையில் வளரும் செடிக்கு ஒரு தடவைக்கு யூரியா ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். இடம் மாற நேர்ந்தால் பையும் மண்ணும் உங்களுடன் வரும்.

அந்த முதிய விவசாயி இப்போது தமது வளவில் ஒரு பாத்தி போட்டிருக்கிறார். யூரியாவைக் கையால் எறிவதை விட்டுவிட்டார். மேசைக்கரண்டி ஒன்றைக் கயிற்றில் கட்டி வேலியில் தொங்கவிட்டிருக்கிறார். பேரப்பிள்ளைகள் அதை எடுத்துவிடாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை என்கிறார்.

மேலும் விளக்கம் வேண்டியவர்கள் தமது கமநல சேவைப் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. மூன்று போத்தல் பரிசோதனையைக் குழுவாகச் செய்யுங்கள். உங்கள் வளவு மணலில் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் இறங்கியது?

2. உங்கள் வளவில் கிணறு, மலசலகூடம், எருக்குழி, பாத்தி ஆகியவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தைக் காலடியால் அளந்து படம் வரையுங்கள். எதை மாற்றலாம்?

3. கடந்த போகத்தில் பசளைக்கு எவ்வளவு செலவிட்டீர்கள்? அதில் எவ்வளவு மழையோடு போயிருக்கும் என நினைக்கிறீர்கள்?

4. உங்கள் வேலியில் எத்தனை கிளிரிசீடியாக் கம்புகள் நடலாம்? அடுத்த மழைக்கு முன் யார், எங்கிருந்து வெட்டி வருவது?

5. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகள் உங்கள் அயலில் எவை? அந்தத் தாய்மாருக்குக் கிணற்று நீர் பற்றிய செய்தியை யார் சொல்வது?